மாப்பிள்ளையின் வயிற்றில் விழுந்த சுருக்கு

எங்கள் வீட்டில் ராகிக் களியை மென்று தின்றால் அசிங்கம். கிள்ளி எடுத்து, கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, குழம்பில் அமுக்கி, அப்படியே தொண்டைக்குள் தள்ளிவிட வேண்டும். பல் படக்கூடாது. பல் பட்டால் களி ஒட்டிக்கொள்ளும், பார்க்கிறவன் சிரிப்பான். கம்பைநல்லூர் பக்கத்தில் எங்கள் ஊரில் பால் பல் விழாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

அவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். நெல்லுச் சோறு தின்று வளர்ந்தவர். போஸ்டாபீஸில் குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளைச் சட்டை, யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்கிற வாய். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசியில் என் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தோம். ஆடி பிறந்ததும் முறைப்படி அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பதினெட்டுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தோம். பதினேழு சாயங்காலமே வந்துவிட்டார். மறுநாள் எல்லோரும் ஒகேனக்கல் போய்க் குளித்துவிட்டு வருவது என்று பேச்சு.

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புது மாப்பிள்ளை முதல் ஆடிக்கு வந்தால் பெண்ணின் அண்ணன் தம்பிகளும் பங்காளிகளும் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவருக்குக் களி போடுவோம். எத்தனை உருண்டை இறங்குகிறது என்று பார்ப்போம். மரியாதை கொடுத்தே தீரவேண்டிய ஆளை அந்த ஒரு வேளை மட்டும் மரியாதை இல்லாமல் நடத்தலாம். மச்சான்மாருக்கு உள்ள உரிமை அது. நான்தான் பெண்ணின் மூத்த அண்ணன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நான்தான் பரிமாறினேன்.

"என்ன மாப்ள, மெல்றீங்க. இது என்ன முறுக்குங்களா?" என்றேன்.

"பழக்கமில்லீங்க மச்சான்."

"நாள் பூராவும் ஸ்டாம்பு ஒட்டுற நாக்கு. அதுல களி எப்படி எறங்கும்?" என்றான் ஒரு பங்காளி.

"எறங்கலைன்னா ரிஜிஸ்டர் பண்ணி அனுப்புங்கடா. கரெக்டா போய்ச் சேரும்," என்றார் எங்கள் சித்தப்பா. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

எல்லோரும் உருண்டு சிரித்தோம். மாப்பிள்ளையும் சிரித்தார். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, போதும் வுடு. அவருக்கு ஒத்துக்காது," என்றாள்.

"பாருடா, வூட்டுக்காரருக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்துட்டா. ரெண்டு மாசந்தான் ஆவுது," என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் நிற்க நிற்க மூன்று உருண்டை விழுங்கினார். பிறகு இலையை மறைத்துக் கை நீட்டினார். நான் நாலாவதை என் கையால் கிள்ளி, குழம்பில் நனைத்து, அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். "பொண்ணோட அண்ணன் குடுத்தா வேணாங்கக் கூடாதுங்க மாப்ள," என்றேன். அவர் வாயைத் திறந்தார்.

விடிந்து பார்த்தால் கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். மறைக்காமல் எழுதுகிறேன்.

"களி எறங்கலீங்களா மாப்ள?"

"எறங்கிருச்சுங்க மச்சான். சும்மா வயித்த சுருட்டிப் புடிக்குது. வுட்டு வுட்டு வருது." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

எங்களுக்காகச் சிரித்தார். வலி வந்தபோது பல்லைக் கடித்தார், போனபோது சிரித்தார். ஒரு தரம் கத்தியிருந்தால்கூட நாங்கள் பயந்திருப்போமோ என்னவோ. புது மாப்பிள்ளை மாமியார் வீட்டில் கத்துவாரா. களிக்குத் தோற்றுப்போய் அழுதான் என்ற பேர் ஆயுசுக்கும் நிற்கும் என்று அவருக்கும் தெரியும்.

அம்மா ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தாள். அது உள்ளே போன வேகத்தில் மஞ்சளாகத் திரும்பி வந்தது. சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினோம். அவர் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர். குடல் தட்டுவதிலும் பேர் வாங்கியவர். யாருக்காவது வயிறு வலித்து வாந்தி வந்தால், குடல் தன் இடத்தை விட்டு மேலே ஏறிக்கொண்டது என்பார்கள். குடலேத்தம் என்று அதற்குப் பேர். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவி, தட்டி, அதைக் கீழே இறக்க வேண்டும். பத்துப் பேருக்குச் செய்தால் ஏழெட்டுப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தப் பேர் தட்டியவருக்குப் போகும்.

சித்தப்பா வந்தார். தொப்புளுக்கு மேலே இரண்டு விரலை வைத்து அமுக்கினார். "குடலேத்தந்தான். நல்லா ஏறி நிக்குது," என்றார். எண்ணெயைச் சுட வைத்து அரை மணி நேரம் நீவினார். அவர் கை மாட்டுக் கயிறு இழுத்த கை. மாப்பிள்ளை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

இறங்கவில்லை. "தூக்கி உதறுங்கடா," என்றார் சித்தப்பா.

அதுவும் எங்கள் பக்கத்தில் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வார்கள். பெரிய மனுஷனுக்குச் செய்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்றைக்குச் செய்தோம். நாலு பேர். நான் வலது காலைப் பிடித்தேன். தலைகீழாகத் தூக்கி மூன்று உதறு உதறினோம். அவர் வேட்டி நழுவி முகத்தில் விழுந்தது. டிராயரோடு தொங்கினார். "தபால் மூட்டையக் கொட்டற மாதிரி கொட்டுங்கடா," என்று ஒருவன் சொன்னான். நாங்கள் சிரித்ததில் பிடி தளர்ந்து அவர் தோள் தரையில் இடித்தது. என் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

அதற்குப் பிறகு பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தோம். அரைக் கிண்ணம். "நாலு தடவ வெளிய போனா வயிறு லேசாயிரும்," என்றார் சித்தப்பா. மாப்பிள்ளை குடித்தார். "சரிங்க" என்றுதான் குடித்தார்.

அடுத்து நாங்கள் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. ஒகேனக்கல் போனோம். ஆமாம், போனோம். பஸ்ஸில் இடம் பிடித்தாகிவிட்டது, பதினெட்டுக்குத் தலை முழுகாமல் இருக்கக் கூடாது, அவருக்குத் துணையாக அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு போனோம். பரிசலில் போனோம். அருவியில் நின்றோம். ஆற்றங்கரையில் மீன் வறுவல் வாங்கித் தின்றேன். மாப்பிள்ளைக்கும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன். அவ்வளவு மடையனாக இருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் வயிறு மேளம் போல உப்பியிருந்தது. ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. வாந்தி பச்சையாக வந்துகொண்டிருந்தது. தங்கை என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். பாக்கப் பயமா இருக்குது."

சித்தப்பா குறுக்கே பேசினார். "எண்ணெய் இன்னும் எறங்கலம்மா. அதுக்குள்ள ஆஸ்பத்திரின்னா கத்திய எடுத்து அறுத்துப்புடுவானுங்க. விடியட்டும். தானா கொட்டும் பாரு."

நான் என் தங்கையைப் பார்த்தேன், சித்தப்பாவைப் பார்த்தேன். "விடியட்டும்மா," என்றேன்.

விடிந்தது. அவர் படுத்திருந்த அறைக்குள் நுழைந்ததும் பீ நாற்றம் அடித்தது. எண்ணெய் வேலை செய்துவிட்டது, படுக்கையிலேயே போய்விட்டார், நல்லதாகப் போச்சு என்று நினைத்தேன். கிட்டே போனேன். வேட்டி சுத்தமாக இருந்தது. பாய் சுத்தமாக இருந்தது. தங்கை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குக் கீழே ஒரு குண்டானைப் பிடித்திருந்தாள். அவர் குமட்டினார். குண்டானில் பழுப்பாக விழுந்தது. நாற்றம் அதிலிருந்து வந்தது.

கீழே போக வேண்டியது ஒரு மனுஷன் வாய் வழியாக வருகிறது. நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன். இப்படி ஒன்று நடக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். கண் உள்ளே போயிருந்தது. "மன்னிச்சுக்குங்க மச்சான், வூடெல்லாம் நாறுது," என்றார்.

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. கட்டிலோடு தூக்கி மாட்டு வண்டியில் ஏற்றிக் கம்பைநல்லூர் கொண்டுவந்து பஸ் பிடித்தோம். பஸ்ஸில் ஆட்கள் எழுந்து நாலு சீட் காலி பண்ணிக் கொடுத்தார்கள். இரக்கப்பட்டு இல்லை, நாற்றம் தாங்காமல். டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. சித்தப்பாவும் இரண்டு பங்காளிகளும் கூட வந்திருந்தார்கள்.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் வயிற்றில் கை வைத்தார். குழாயை வைத்துக் கேட்டார். "காத்து பிரியுதா?" என்றார். இல்லை என்றோம். "என்ன குடுத்தீங்க?"

"வெளக்கெண்ணெய் குடுத்தோமுங்க. நல்ல சுத்தமான எண்ணெய்," என்றார் சித்தப்பா.

"வழி அடைச்சுக் கெடக்கிற குடலுக்கு மேல பேதி மருந்த ஊத்தியிருக்கீங்க. அது எங்கய்யா போவும்? வேற என்ன பண்ணுனீங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கைதான் பேசினாள்.

"தலைகீழாத் தூக்கி உதறுனாங்க டாக்டர்."

"யாரு?"

அவள் என்னைக் கையால் காட்டினாள். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டாமல் நர்சு பக்கம் திரும்பிவிட்டார்.

மூக்கு வழியாக ட்யூப் விட்டு உள்ளே இருந்ததை இழுத்தார்கள். பாட்டில் பாட்டிலாக வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். களி அடைத்துக்கொண்டதா என்று நான் கேட்டேன்.

"களி அடைக்காது. அது கரையற சாமான்," என்றார் டாக்டர். "வயித்துல இதுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருக்கா? குடலிறக்கம் இருந்துச்சா?" இரண்டும் இல்லை. "அப்ப எதுனாலன்னு எனக்கும் தெரியலை. தொறந்தாத்தான் தெரியும். பொழைப்பாருன்னு இப்ப சொல்ல முடியாது. யாரு கையெழுத்துப் போடுறீங்க?"

தங்கை போட்டாள். கல்யாணமாகி மூன்று மாசம்கூட முடியவில்லை. மஞ்சள் கயிறு புதுசாகவே இருந்தது.

ரத்தம் வேண்டும் என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு பங்காளியைக் காணவில்லை. இன்னொருவன், "ரத்தம் குடுத்தா ஏர் புடிக்கத் தெம்பு இருக்காதுண்ணா, உழவு நேரம்," என்றான். அவன்தான் முந்தின நாள் இடது காலைப் பிடித்தவன். என் ரத்தம் அவருக்குச் சேர்ந்தது. கொடுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு புட்டி ரத்தம் எதையும் சரிக்கட்டாது.

மத்தியானம் உள்ளே கொண்டுபோனவரை வெளியே கொண்டுவர நெடுநேரம் ஆயிற்று. பிறகு டாக்டர் என்னையும் தங்கையையும் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். அதில் ஒரு முழத்துக்குக் கறுத்துப்போன குடல் கிடந்தது. வெந்த கத்திரிக்காய்த் தோல் மாதிரி நிறம். பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் வீங்கிச் சிவந்த ஒன்று.

"இது குடல்வால். அப்பெண்டிக்ஸ்னு சொல்லுவோம். எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கும் இருக்குது," என்றார். "இவருக்கு இதோட நுனி எப்பவோ வீங்கி, பக்கத்துல போய் ஒட்டிக்கிச்சு. வளையம் மாதிரி ஆயிருச்சு. சிறுகுடல் அதுக்குள்ள நொழஞ்சு மாட்டிக்கிச்சு. கன்னுக்குட்டி முளைக்குச்சிக் கயித்துல கழுத்தச் சுத்திக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி. இழுக்க இழுக்க இறுகும். ரத்தம் போகாம குடல் செத்துப்போச்சு. வெட்டித் தெச்சிருக்கேன்."

சுண்டுவிரல் அளவு. எதற்கும் உதவாத ஒரு வால். அது ஒரு ஆளைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்க்கிறது.

"இது வழக்கமா வர்றதுங்களா?" என்றேன்.

"இல்ல. குடல்வால் வீங்கி வெடிக்கும், அத நெறைய பாத்திருக்கேன். இது குடலையே கட்டி அடைக்கும்னு புத்தகத்துல படிச்சதுதான். கண்ணால பாக்கறது இதுதான் மொதல் தடவை." கையைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் கேட்டார். "முன்னாடி அடிவயித்துல வலது பக்கம் வலி வந்திருக்கணுமே?"

"வந்துச்சுங்க," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னாள். கல்யாணமான முதல் மாசம் மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறார். காய்ச்சலும் இருந்திருக்கிறது. சோடா உப்பைக் கரைத்துக் குடித்துச் சமாளித்திருக்கிறார். எங்கள் வீட்டில் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். "சீக்காளிக்குப் பொண்ணக் குடுத்துட்டோம்னு உங்க அண்ணனுங்க பேசுவாங்க" என்றாராம்.

பேசியிருப்போம். நானே முதலில் பேசியிருப்பேன்.

டாக்டர் போகும்போது பின்னாலேயே போய்க் கேட்டேன். "தலைகீழா உதறுனதுல அது இறுகியிருக்குங்களா?"

"அது எனக்குத் தெரியாது. நேத்துக் காலைல கொண்டாந்திருந்தா ஒருவேள வெட்டாமயே எடுத்து வுட்டிருப்பேன். அது தெரியும்," என்றார்.

வெளியே வந்து சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். முகம் தெளிந்தது. "பாத்தியா, களி இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்ப நம்ம மேல தப்பில்ல," என்றார். ஆஸ்பத்திரி வாசலில், அப்பா ஸ்தானத்தில் இருக்கிற மனுஷனைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ஊருக்குப் போயிருங்க. இங்க நிக்காதீங்க," என்றேன். போய்விட்டார். பங்காளியும் கூடவே போனான்.

களி காரணமில்லை. சரி. கேட்டபோது எனக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசானது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகுதான் உறைத்தது. அந்த வால் இரண்டு மாசமாகவே அவர் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இருந்தது. சுருக்கு எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கும். ஆத்தூரில் அவர் சொந்த வீட்டில் விழுந்திருந்தால் வலிக்கிறது என்று வாய் விட்டுச் சொல்லியிருப்பார். யாராவது ஜட்கா பிடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் விழுந்தது. நாங்கள் சிரித்தோம். ஒரு முழம் குடல் செத்தது அந்த ஒரு நாளில்தான். எங்கள் ஊரில் இன்றைக்கும் ஆட்கள், களி தின்று குடல் அடைத்துக்கொண்ட போஸ்டாபீஸ் மாப்பிள்ளை என்றுதான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். நான் இருக்கிற இடத்தில் சொல்வதில்லை.

ஆபரேஷனோடு முடியவில்லை. தைத்த குடல் வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால், தையல் விட்டுவிட்டால், இன்னொரு தரம் திறக்க அவர் உடம்பில் தெம்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காத்து பிரியணும். அது பிரிஞ்சாத்தான் குடல் முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது."

முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. காய்ச்சல் வந்தது. தங்கை பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். தாகத்தில் பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்ப்பார், அவள் பிடுங்கிக்கொள்வாள். நர்சு ஒவ்வொரு தடவை வரும்போதும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "காத்து பிரிஞ்சுதா?" என்பார். மாப்பிள்ளை தலையை ஆட்டுவார், இல்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் ஊராக இருந்தால் என்ன சிரிப்பு சிரித்திருப்போம். அங்கே இருந்த நோயாளிகள், கூட வந்தவர்கள் எல்லோரும் அவர் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

நான் வராந்தா பெஞ்சில் கிடந்தேன். ஆபரேஷன் நாளிலிருந்து தங்கை என்னோடு பேசவில்லை. சோற்றை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். உள்ளே போய் அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கதவோரம் நின்று போர்வை ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். மூன்றாம் நாளும் இல்லை. டாக்டர் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா ஊரிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணு தலையெழுத்து என்னாவுமோ," என்று அழுதாள். எனக்கு எரிச்சல் வந்தது. தலையெழுத்தா. காலைப் பிடித்துத் தூக்கியது என் கை.

நாலாம் நாள் காலையில் துப்புரவு செய்கிறவர்கள் வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கை ஈரத்தில் வழுக்கி வழுக்கி வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"போயிருச்சு," என்றாள்.

"என்ன போயிருச்சு?"

"காத்து. ரெண்டு தடவ."

சொல்லிவிட்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துகொண்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் அவள் அழவில்லை.

"நர்சுகிட்டச் சொல்லிட்டியா?"

"நீ போய்ச் சொல்லு," என்றாள்.

ஓடினேன். நர்சு வராந்தாக் கோடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஊசி போட வந்த ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், "எங்க மாப்பிள்ளைக்குக் காத்து பிரிஞ்சிருச்சுங்க," என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. நர்சு பேனாவை எடுத்துச் சீட்டைத் திருப்பினார்.

"எத்தனை மணிக்கு?"

அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்ப ஓடினேன்.